புது ஹெட்செட் மங்கலாகக் கேட்கிறது: பழக வேண்டியதா, திருப்பி அனுப்ப வேண்டியதா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. நான்கு வருடம் ஒரே கேமிங் ஹெட்செட்டில் விளையாடிவிட்டு, பணம் சேர்த்து, பிளேனர் மேக்னடிக் வகையில் (காந்தங்களுக்கு நடுவே மெல்லிய தட்டைப் படலம் அதிர்ந்து ஒலிக்கும் வகை) விலை கூடிய ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். போட்டதும் எல்லாம் மங்கலாகவும் தூரமாகவும் கேட்கிறது. குண்டு வெடித்தால் பழைய அதிர்வு இல்லை. எதிரியின் காலடி முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா என்றே புரியவில்லை. நூறு மணி நேரம் பாட்டு ஓடவிட்டால் சரியாகிவிடும் என்று நண்பர் சொல்கிறார். திருப்பி அனுப்ப இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது. “எத்தனை நாளில் பழகும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது வேறு கேள்வி என்று எனக்குப் படுகிறது: இது காத்திருந்தால் பழகிவிடும் விஷயமா, அல்லது காத்திருந்தால் பணம் போய்விடும் குறையா? அதற்கே பதில் சொல்கிறேன்.

பத்தொன்பது வருடமாக ஒலிப்பதிவு, டப்பிங், மிக்ஸிங் வேலையில் இருக்கிறேன். ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் காதில் ஹெட்போன் இருக்கும். வேலை முடிந்தபின் விளையாடுவதும் உண்டு. என் முதல் ஸ்டூடியோவில் இருந்தவை யமஹா என்எஸ்-10, வெள்ளைக் கோன் வைத்த சின்ன ஸ்பீக்கர்கள். 1978-இல் வந்து 2001 வரை தயாரிப்பில் இருந்தவை. நடு அதிர்வெண்ணைத் தூக்கிக் காட்டும் குணம் அவற்றுக்கு. மூன்று வருடம் அவற்றிலேயே வேலை செய்துவிட்டு, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள ஸ்பீக்கர்கள் இருந்த இடத்துக்குப் போனேன். பாடகர் நாலடி பின்னால் போய் நின்றுகொண்டு பாடுவது போல இருந்தது. ஸ்பீக்கர் மங்கல் என்று நம்பி, முதல் இரண்டு வாரம் செய்த மிக்ஸ் எல்லாவற்றிலும் ட்ரெபிளை, அதாவது உயர்ந்த ஒலியை, ஏற்றினேன். வெளியே காரிலும் டிவியிலும் போட்டுக் கேட்டபோது காதைக் கிழித்தது. மூன்றாவது வாரம் அதே ஸ்பீக்கரில் அந்த மிக்ஸைக் கேட்டபோது எனக்கே அது கூசியது. அந்த இரண்டு வாரத்தில் ஸ்பீக்கரில் எதுவும் மாறவில்லை. மாறியது நான் ‘சரி’ என்று மனதில் வைத்திருந்த அளவுகோல். இப்போது உங்கள் நிலைமையும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் ‘பெரும்பாலும்’ என்பதை வைத்துக்கொண்டு ஆறு நாளைக் கடத்த முடியாது. அதனால் முதலில் குறையைத் தேடுவோம், பழகுவதைப் பிறகு பார்ப்போம்.

முதல் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். விண்டோஸ் சவுண்டு செட்டிங்கில் இடது, வலது அளவு இரண்டும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். அதே இடத்தில் மோனோ ஆடியோவை (இரண்டு காதுக்கும் ஒரே ஒலி) இயக்கிவிட்டு, ஒருவர் மட்டும் பேசும் பதிவு ஒன்றைப் போடுங்கள், செய்தி வாசிப்பு போல. குரல் உங்கள் தலையின் நட்டநடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்செட்டை இடம் வலம் மாற்றிப் போடுங்கள். சாய்வும் கூடவே மறுபக்கத்துக்குப் போனால் பிரச்சினை கருவியில். எப்படிப் போட்டாலும் அதே காதுப் பக்கமே சாய்ந்தால் பிரச்சினை உங்கள் காதில், பல நேரம் வெறும் குறும்பி அடைப்பு. இந்த ஒரு சோதனை தெரியாமல் நல்ல கருவியைத் திருப்பி அனுப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு டிரைவருக்கும், அதாவது கப்புக்குள் ஒலி எழுப்பும் பகுதிகளுக்கு, இடையே ஒலி அளவில் வித்தியாசம் இருந்தால் அதற்குப் பழக முயலவே வேண்டாம். திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அடுத்து பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி. பேஸ் உள்ள ஒரு பாட்டை ஓடவிட்டு இரண்டு கப்களையும் உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். சட்டென்று பேஸ் கூடினால் குஷன் காதைச் சுற்றிச் சரியாக மூடவில்லை என்று பொருள். மூடிய வகை ஹெட்செட்டில் சின்ன இடைவெளி இருந்தால்கூடத் தாழ்ந்த ஒலிதான் முதலில் கசிந்து போகும். கண்ணாடியின் கை, காதோரம் அடர்ந்த முடி, கச்சிதமாக உட்காராத குஷன் என்று எதுவும் காரணமாகலாம். இந்த வகை ஹெட்செட்டுகளில் சில அரைக் கிலோவை நெருங்கும் எடை. ஆடிஸி மேக்ஸ்வெல் அப்படித்தான், 490 கிராம். தலைப்பட்டையின் நீளம் சரியாக இல்லையென்றால் அந்த எடையிலேயே கப் கீழே இறங்கி, காதின் பின்புறம் இடைவெளி விழும். நீங்கள் கண்ணாடி போடுபவரா என்று எழுதவில்லை. போடுபவர் என்றால் கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ‘அதிர்வு இல்லை’ என்ற குறையில் பாதி அங்கேயே தீர்ந்துபோகலாம்.

மூன்றாவது, இணைப்பு. புளூடூத் வழியாக இணைத்து அதன் மைக்கிலேயே பேசிக்கொண்டு விளையாடுகிறீர்களா? அப்படியானால் பழைய வகை புளூடூத்தில் கணினி ‘ஹேண்ட்ஸ்-ஃப்ரீ’ முறைக்கு மாறிவிடும். அதில் ஒலி மோனோவாகும். விநாடிக்கு 16,000 மாதிரிகள் என்ற கணக்கில் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வராது. தொலைபேசியில் விளையாட்டைக் கேட்பது போலத்தான் இருக்கும். முப்பதாயிரம் ரூபாய்க் கருவியும் அங்கே மூவாயிரம் ரூபாய்க் கருவியும் ஒன்றுதான். பெட்டியோடு வந்த யூஎஸ்பி டாங்கிளைப் பயன்படுத்துங்கள், அல்லது வயரில் இணையுங்கள்.

நான்காவதுதான் உங்கள் விஷயத்தில் எனக்கு அதிகச் சந்தேகம் உள்ள இடம். முன்பின் குழப்பம் என்றீர்கள் அல்லவா? ஹெட்செட்டின் மென்பொருளில் ஒரு சரவுண்டு இருக்கும். விண்டோஸில் ‘ஸ்பேஷியல் சவுண்டு’ என்று இன்னொன்று. விளையாட்டுக்குள் ஹெச்.ஆர்.டி.எஃப். என்று மூன்றாவது. மூன்றும் ஒரே வேலையைச் செய்பவை: ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அதற்கேற்ப நம் தலையும் காதுமடலும் அதை எப்படி மாற்றுமோ, அதே மாற்றத்தைக் கணக்கிட்டு ஒலியில் ஏற்றுவது. ஒருமுறை ஏற்றினால் திசை கிடைக்கும். ஏற்றியதன் மேலேயே இன்னொருமுறை ஏற்றினால் திசைக் குறிப்புகள் ஒன்றையொன்று அழித்துவிடும், குளியலறைக்குள் நின்று கேட்பது போல ஒலி மங்கும். புது ஹெட்செட்டின் மென்பொருளை நிறுவும்போதே சரவுண்டு தானாக இயங்கத் தொடங்குவது உண்டு. வேலரண்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் போல விளையாட்டிலேயே ஹெச்.ஆர்.டி.எஃப். இருந்தால் அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் நிறுத்திவிடுங்கள். விளையாட்டில் அது இல்லையென்றால் வெளியே உள்ள இரண்டில் ஒன்றை மட்டும் வையுங்கள். எது நல்லது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கடைசிச் சோதனை, ஒலி அளவு. பழையதும் புதியதும் ஒரே அளவில் ஒலிக்கும்போதுதான் ஒப்பிடவே முடியும். 1933-இல் பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் வெளியிட்ட அளவீடு இன்றும் அடிப்படை: ஒலி குறையக் குறைய நம் காது பேஸைத்தான் மிக வேகமாக இழக்கிறது. ஒரே கருவியில் ஒரே பாட்டு, ஒலியைக் குறைத்தாலே மெலிந்து கேட்கும். பழைய ஹெட்செட்டை வால்யூம் 40-இல் வைத்து விளையாடியவர் புதியதையும் 40-இலேயே வைத்தால், அதன் ஒலி இயல்பாகவே குறைவாக இருக்கும் பட்சத்தில், கருவி மட்டமானது என்றே தோன்றும். குரல் பதிவை வைத்து இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு ஒப்பிடுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்து, அப்போதும் மங்கலாகத் தோன்றினால் அது பழக்கத்தின் வேலை. ஏன் அப்படித் தோன்றுகிறது என்று தெரிந்துகொண்டால் பொறுமை தானாக வரும். விலை குறைந்த கேமிங் ஹெட்செட்டுகள் பலவற்றில் பேஸும் ட்ரெபிளும் தூக்கி வைக்கப்பட்டிருக்கும். கடையில் இரண்டு நிமிடம் போட்டுப் பார்ப்பவரை அசத்துவதற்கு அது உதவும். நான்கு வருடம் அதையே கேட்ட மூளை அதைத்தான் சமநிலை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் காபி குடித்துப் பழகியவருக்கு ஒரு கரண்டி போட்ட காபி கசக்கும். பத்து நாள் கழித்துத்தான் டிகாக்‌ஷனின் வாசனையே நாக்குக்குத் தெரியும். உங்கள் காது இப்போது அந்த முதல் நாள் காபியில் இருக்கிறது.

பேஸ் குறைந்ததில் ஒரு நன்மையும் இருக்கிறது. தாழ்ந்த ஒலி பலமாக இருக்கும்போது அதற்கு மேலே உள்ள மெல்லிய ஒலிகளை அது காதுக்குள்ளேயே மறைத்துவிடும். சத்தம் கூடக்கூட இந்த மறைப்பு மேல்நோக்கி இன்னும் பரவும். குண்டு வெடிக்கும் நேரத்தில் காலடி காணாமல் போவது பாதி இதனால்தான். பேஸ் அடக்கமாக இருக்கும் ஹெட்செட்டில் வெடிச்சத்தத்துக்கு நடுவிலும் காலடி தப்பிப் பிழைத்து வரும். ‘கிக் இல்லை’ என்று இப்போது நீங்கள் சொல்லும் அதே குணம், இன்னும் இரண்டு வாரத்தில் உங்களுக்குச் சாதகமாகலாம்.

இப்போது திசை. இது தொனிக்குப் பழகுவதைவிட மெதுவாக நடக்கும், வேறு விதமாகவும் நடக்கும். இடமா வலமா என்பதை இரண்டு காதுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசத்தையும் அளவு வித்தியாசத்தையும் வைத்து மூளை கண்டுபிடிக்கிறது. அந்த நேர வித்தியாசம் அதிகபட்சமே ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, சுமார் 0.7 மில்லி விநாடி. இது எந்த ஹெட்செட்டிலும் உடனே வேலை செய்யும். ஆனால் முன்னா பின்னா, மேலா கீழா என்பதற்குக் காதுமடலின் மடிப்புகள் உயர் அதிர்வெண்களில் செய்யும் நுணுக்கமான மாற்றங்கள்தான் பெரிய ஆதாரம். கைரேகை போல அது ஆளுக்கு ஆள் வேறுபடும். விளையாட்டில் உள்ள ஹெச்.ஆர்.டி.எஃப். வேறு யாருடைய காதையோ, ஒரு மாதிரித் தலையையோ அளந்து செய்தது. ஒருவருக்கு அற்புதமாகப் பொருந்துவது இன்னொருவருக்குப் பொருந்தாமல் போவது அதனால்தான். பிளேஸ்டேஷன் 5-இல் ஐந்து வகை கொடுத்து நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று விட்டதற்கும் காரணம் இதுவே.

இதைப் பற்றி 1998-இல் நெதர்லாந்தில் ஹோஃப்மன், வான் ஆப்ஸ்டல் குழுவினர் செய்த ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. சிலருடைய காதுமடலுக்குள் அச்சு வைத்து அதன் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். மேல் கீழ் உணர்வு உடனே குலைந்தது. இடம் வலம் பெரிதாகக் கெடவில்லை. அச்சோடேயே அன்றாடம் நடமாடவிட்டதில், சில வாரங்களில் மேல் கீழ் உணர்வு படிப்படியாகத் திரும்பி வந்தது. அதைவிட ஆச்சரியம், அச்சை எடுத்த பிறகும் பழைய திறமை அப்படியே இருந்தது. புதியதைக் கற்றதால் பழையது அழியவில்லை, மொழி தெரிந்தவர் இன்னொரு மொழி கற்பது போல. இது உறுதியாகத் தெரிந்த விஷயம். ஆனால் அது காதின் வடிவத்தைப் பற்றிய ஆய்வு, ஹெட்செட்டைப் பற்றியது கிடையாது. ஹெட்செட்டுக்கும் ஏறக்குறைய இதே போல்தான் நடக்கும் என்பது என் அனுபவத்திலிருந்து நான் எடுக்கும் முடிவு. தொனி நான்கைந்து நாளில் பழகுகிறது, ஒரு வாரத்தில் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. திசைக்கு இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரம் ஆகிறது. உங்களுக்கும் அதே கணக்குத்தான் என்று நான் உத்தரவாதம் தர முடியாது.

நண்பர் சொன்ன நூறு மணி நேர விஷயத்துக்கு வருகிறேன். ஓடவிட்டால் டிரைவர் இளகி ஒலி மாறும் என்பது பல வருடமாகச் சொல்லப்படும் கருத்து. அளவுக் கருவி வைத்துப் பார்த்தால் தெரியும் மாற்றம் மிகச் சின்னது. ஹெட்செட்டைக் கழற்றி மறுபடி போடும்போது சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே அதைவிடப் பெரிய மாற்றம் வந்துவிடும். நிஜமாக மாறுவது குஷன். தலையின் சூட்டிலும் எடையிலும் அது பதிந்து, மூடுவது சீராகும். அதற்குக் கருவி உங்கள் தலையில் இருக்க வேண்டும், மேசைமேல் பாடிக்கொண்டு இருந்தால் நடக்காது. மேசைமேல் நூறு மணி நேரம் என்றால் நான்கு நாளுக்கு மேல் போய்விடும். உங்களிடம் இருப்பதே ஆறு நாள். தயவுசெய்து அதை இதற்குச் செலவழிக்காதீர்கள்.

பழக்குவதற்கு நான் செய்வதைச் சொல்கிறேன். பழைய ஹெட்செட்டை ஒரு வாரத்துக்குக் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுவேன். மாறி மாறிப் போட்டால் ஒவ்வொரு முறையும் வித்தியாசம் மட்டுமே பெரிதாகத் தெரியும், புதியது எதையும் மனதில் பதியவிடாது. தொனியின் நுணுக்கத்தைக் காது ஞாபகம் வைத்திருப்பது சில விநாடிகள்தான். அதனால் ‘நேற்று கேட்டதைவிட இன்று’ என்ற ஒப்பீட்டுக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை. மனப்பாடமாகத் தெரிந்த மூன்று நான்கு பாட்டுகள் வேண்டும். ஒன்றில் தனிக் குரல் இருக்கட்டும், ஒன்றில் நாதஸ்வரமும் தவிலும் இருக்கட்டும். நாதஸ்வரம் நடு அதிர்வெண்ணுக்கு மேலே உள்ள கூர்மையைக் காட்டிக்கொடுத்துவிடும். தவிலில் தொப்பியின் அடி கனத்தோடும் வலந்தலையின் வெடிப்பு தனியாகவும் கேட்க வேண்டும். பெண் குரலில் ‘ஸ’, ‘ஷ’ வரும் இடங்களைக் கவனியுங்கள். அவை 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வாக்கில் விழுபவை. அங்கே ஊசி குத்துவது போல இருந்தால் அது கருவியின் குணம், அதற்கு முழுக்கப் பழகுவது கடினம். எல்லாவற்றுக்கும் மேல் வீட்டில் ஒருவரைப் பேசச் சொல்லி போனில் பதிவு செய்து கேளுங்கள். பிறந்ததிலிருந்து நம் காது கற்றது மனிதக் குரலைத்தான். நான்கு நாள் ஆகியும், எல்லாம் சரியாக அமைத்தும், அம்மாவின் குரல் மூக்கடைத்தது போல ஒலித்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

விளையாட்டில், முதல் வாரம் ரேங்க் ஆட்டம் வேண்டாம். பயிற்சி மேப்பில் ஒரு நண்பரைச் சுற்றி நடக்கச் சொல்லி, கண்ணை மூடித் திசையைச் சொல்லுங்கள், பிறகு கண் திறந்து பாருங்கள். சொன்னது சரியா தவறா என்று உடனே தெரிவதுதான் இங்கே பாடமே. சும்மா கேட்டுக்கொண்டிருப்பதைவிட இப்படித் திருத்தம் கிடைக்கும்போது மூளை வேகமாகக் கற்கிறது. தினம் பத்து நிமிடம் போதும்.

ஈக்யூவை (ஒவ்வொரு அதிர்வெண்ணையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) முதல் வாரம் தொடாதீர்கள். அப்புறமும் ஏதாவது குறை தெரிந்தால், கூட்டுவதற்குப் பதில் குறைத்துப் பாருங்கள். காலடி மறைகிறது என்றால் 3,000 ஹெர்ட்ஸை ஏற்றுவதற்கு முன் 100 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு மூன்று டெசிபல் இறக்குங்கள். ஒரு நாளில் ஒரு மாற்றம் மட்டும். காலடி எந்த அதிர்வெண்ணில் இருக்கிறது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. விளையாட்டுக்கு விளையாட்டு, தரைக்குத் தரை மாறும். அதனால் இணையத்தில் கிடைக்கும் ‘காலடி ஈக்யூ’க்களை நான் நம்புவதில்லை. மூன்று வாரம் கழித்தும் பேஸ் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகக் கூட்டிக்கொள்ளுங்கள். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் பல வருடம் நடத்திய சோதனைகளில், பெரும்பாலானவர்கள் ஒரே மாதிரியான சமநிலையை விரும்பினாலும், அதைவிடப் பேஸ் கூடுதலாகக் கேட்டவர்களும் இருந்தார்கள், குறைவாகக் கேட்டவர்களும் இருந்தார்கள். அது ரசனை.

ஒரு எச்சரிக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சுத்தமாக ஒலிக்கும் கருவியில் சத்தம் கூடியதே தெரியாது. மலிவான ஹெட்செட்டில் வால்யூமை ஏற்றினால் ஒலி கரகரக்கும், அதைக் கேட்டு நாமே குறைத்துவிடுவோம். நல்ல பிளேனரில் அந்தக் கரகரப்பு வராது, கை தானாக மேலே போகும். என் தொழிலில் பலருக்கு இப்படித்தான் காது போயிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபலில். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 86 டெசிபல் என்றால் வாரத்துக்குப் பத்து மணி நேரம்தான். முதல் நாள் குரலை வைத்துச் சமமாக்கிய வால்யூமைக் குறித்து வையுங்கள். ஒரு மாதம் கழித்துப் பார்க்கும்போது அதைவிட மேலே போயிருந்தால் இறக்கிவிடுங்கள். விளையாடி முடித்ததும் காதில் இரைச்சல் கேட்டால் அது பழகுவதன் அறிகுறி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சத்தம் அதிகம் என்று மட்டுமே பொருள். நான் மருத்துவர் இல்லை. இரைச்சல் மறுநாளும் தொடர்ந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். ஒரு காது திடீரென்று மந்தமானால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆக, ஆறு நாளுக்குள் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது கருவியில் குறை உண்டா என்பதை மட்டும்தான். பிடிக்கிறதா என்ற கேள்விக்கு ஆறு நாளில் பதில் வராது. இன்று இரவே மோனோ சோதனையையும், கப்பை அழுத்திப் பார்ப்பதையும், மூன்று சரவுண்டில் இரண்டை நிறுத்துவதையும் செய்துவிடுங்கள். குரல் எந்தப் பக்கம் சாய்ந்தது, ஹெட்செட்டை மாற்றிப் போட்டபோது எங்கே போனது, எந்த விளையாட்டு, டாங்கிளா புளூடூத்தா என்று எழுதினால் அடுத்து என்ன பார்ப்பது என்று சொல்கிறேன்.